வாரியம் காத்த புண்

மில்லை மூடிப் பல வருஷம் ஆகிவிட்டது. சங்கை மட்டும் யாரும் மூடவில்லை. மெஷின்களை எடைக்குப் போட்டார்கள், கூரைத் தகட்டைப் பிரித்து விற்றார்கள், கதவு ஜன்னல்கள் தாமாகவே நடந்து போய்விட்டன. காலை ஷிப்டுக்கு ஊதும் சங்கு மட்டும் அன்று போலவே இன்றும் விடிந்ததும் ஊளையிட்டுக்கொண்டிருந்தது. அதை ஊதுவதற்கென்றே ஒரு வாரியம் இருந்தது. தொழிலாளர் வாழ்வியல் பாதுகாப்பு வாரியம் என்று பெயர். மில் முதலாளி குடியிருந்த பங்களாவில் அதன் அலுவலகம். தொழிலாளர்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்பது அழிந்துபோகாமல் காப்பது அதன் வேலை. தொழிலாளர்கள் அழிந்துபோகாமல் காப்பது வேறு யாருடைய வேலையோ. அந்த யாரோ இன்னும் நியமிக்கப்படவில்லை.

சங்கு ஊதினால், மில் ஆட்களுக்காக வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில் என்ன நடக்கும் என்று கோன் அக்காவைக் கேட்க வேண்டும். மில்லில் நூலைக் கோனில் சுற்றும் பகுதியில் இளமை முழுவதையும் கழித்தவள் என்பதால் அந்தப் பெயர். சங்குச் சத்தம் கேட்டதும் வரிசையில் இருக்கிற அத்தனை வீட்டிலும் ஒரே நேரத்தில் குளிக்கப் போவார்கள். வேலை கிடையாது, போக வேண்டிய இடம் கிடையாது, இருந்தாலும் கை தானாகக் குழாய்க்குப் போய்விடும். மில் மூடிய பிறகு வாழ வந்த மருமகள்களுக்குக்கூட அந்த வியாதி ஒட்டிக்கொண்டது. அத்தனை வீட்டுத் தண்ணீரும், கக்கூஸில் போனதும், மில் கட்டிய காலத்தில் புதைத்த ஒரே குழாயில் இறங்கும். அது எங்கோ அடைத்துக் கிடந்தது. போக வழியில்லாத தண்ணீர் திரும்பி, வரிசையின் கடைசியில் பள்ளத்தில் இருந்த கோன் அக்கா வீட்டு அடுப்படியில், பாத்திரம் கழுவும் மூலையிலிருந்த ஓட்டை வழியாக மேலே வரும்.

முதலில் சோப்பு நுரை வரும். பிறகு முடி வரும், பக்கத்து வீட்டுக்காரர்கள் சாப்பிட்டு மிச்சம் வைத்தது வரும். அதற்கப்புறம் வருவதைக் கோன் அக்கா வாயால் சொல்ல மாட்டாள், நாம் சொல்லிவிடலாம். பீ வரும். லைன் முழுவதும் நேற்றுத் தின்றதெல்லாம் அவள் அடுப்புக்கு முன்னால் வந்து மிதக்கும். அவள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முறத்தால் அள்ளி வாளியில் கொட்டுவாள். மதியம் வரை தேய்த்துக் கழுவுவாள். மறுநாள் சங்கு ஊதும்.

இதையெல்லாம் அவள் சகித்துக்கொண்டுதான் இருந்தாள். புருஷன் காலில் புண் வந்த பிறகுதான் சகிக்க முடியாமல் போனது. அவர் மில்லில் மேஸ்திரியாக இருந்தவர், இன்றும் எல்லாருக்கும் மேஸ்திரிதான். சர்க்கரை முற்றிப் பெருவிரலை எடுத்துவிட்டார்கள். எடுத்த இடம் ஆறாமல் உள்ளங்கை அகலத்துக்குப் புண்ணாகிக் கிடந்தது. கட்டு மாற்றும்போது டாக்டர் அவளைத் தனியாக அழைத்துச் சொன்னார்: "அம்மா, இந்தக் காலுல அழுக்குத் தண்ணி பட்டுச்சுன்னா, அப்புறம் முட்டி வரைக்கும் எடுக்க வேண்டியதுதான். காஞ்ச இடத்துல வெச்சுப் பாத்துக்குங்க."

காய்ந்த இடத்துக்கு எங்கே போவது? கட்டிலுக்குக் கீழே செங்கல் அடுக்கி உயர்த்தினாள். கக்கூஸுக்குப் போக அவர் இறங்கித்தானே ஆக வேண்டும்? வீடு வீடாகப் போய், "கொஞ்சம் முன்ன பின்ன குளிங்கப்பா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்" என்று கெஞ்சினாள். எல்லாரும் தலையாட்டினார்கள், மனப்பூர்வமாகத்தான் ஆட்டினார்கள். காலையில் சங்கு ஊதியதும் எல்லாரும் ஒன்றாகக் குளித்தார்கள். அவளுமே சொம்பைத் தூக்கிக்கொண்டு குளிக்கக் கிளம்பி, பாதியில்தான் நினைவு வந்து நின்றாள்.

ஆகவே வாரியத்துக்குப் போனாள். வராந்தாவில் ஒரு பெஞ்சு கிடந்தது. உட்காரப் போனவளை வாசல் காவலர் அதட்டினார். "எந்திரிம்மா! அது தொழிலாளருங்க முதலாளியப் பாக்கக் காத்துக்கிட்டிருந்த பெஞ்சு. அதுல யாரும் உக்காரக் கூடாது."

"நான்தாங்க அதுல காத்துக்கிட்டிருந்தேன். சீட்டைக் கிழிச்ச அன்னைக்கு."

"அது அப்ப. இப்ப அது பாதுகாக்கப்பட்ட பெஞ்சு."

அவள் நின்றாள். வெகுநேரம் கழித்து வாழ்வியல் அலுவலர் அழைத்தார். இளவயசுக்காரர், நல்ல மரியாதை தெரிந்தவர். அவள் சொன்னதையெல்லாம் முகம் வாடக் கேட்டுக்கொண்டார்.

"அந்தக் குழாய் மில் கட்டினப்ப போட்டதாம்மா?"

"ஆமா சார்."

"அப்ப மாத்த முடியாதும்மா. அது வாழ்வியல் சின்னம்."

"மாத்த வேண்டாம் சார், அடைப்ப மட்டும் எடுத்துக் குடுங்க."

"அடைப்பும் அந்தக் காலத்து அடைப்புதானே?"

"அப்ப அந்தச் சங்கையாவது நிறுத்துங்க சார். சங்கு ஊதலைன்னா ஆளாளுக்கு ஒரு நேரம் குளிப்பாங்க, தண்ணி மெதுவா எறங்கிடும்" என்றாள்.

அலுவலர் நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டார். "சங்கை நிறுத்தினா அப்புறம் நாங்க எதுக்கும்மா?" என்று கேட்டார். கேட்ட பிறகுதான் தான் சொன்னது தன் காதிலேயே விழுந்ததுபோல் கொஞ்சம் தண்ணீர் குடித்தார். நேரில் வந்து பார்ப்பதாகச் சொல்லி அனுப்பினார்.

சொன்னபடியே வந்தார். ஆனால் மதியத்தில் வந்தார். காலையில் அலுவலகம் கிடையாது. தரை கழுவி விட்டுக் காய்ந்திருந்தது.

"இவ்வளவு சுத்தமா வெச்சிருக்கீங்களேம்மா! இதுல என்ன குறை?"

"அள்ளிக் கொட்டிட்டுக் கழுவினேன் சார்."

"அங்கதான் தப்புப் பண்றீங்க. அடுத்த தடவை கழுவாதீங்க. கழுவிட்டா நாங்க எதைப் பாக்கறது?"

அடுத்த தடவை கழுவாமல் வைத்திருந்தாள். ஈ மொய்த்த அந்த அடுப்படியில் குமட்டிக் குமட்டி உட்கார்ந்திருந்தாள். இந்த முறை வாரியத்தின் தலைவரே வந்தார். பருத்த மனிதர், மடித்த கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டு வாசற்படியிலேயே நின்றார். உள்ளே ஒரு கால்கூட வைக்கவில்லை. ஆனால் கண் கலங்கிவிட்டது. நாற்றத்தால் கலங்கியதா, உணர்ச்சியால் கலங்கியதா என்பது அவருக்குத்தான் தெரியும்.

"இது சாதாரண நாத்தம் இல்லம்மா. உழைச்ச சனங்களோட நாத்தம். இன்னைக்கு எங்க தேடினாலும் இது கிடைக்காது. நம்ம பிள்ளைங்க எல்லாம் பினாயில் வாசனையில வளருதுங்க, பாவம். இந்த வீட்டுல இருக்கறதுக்கு நீங்க குடுத்து வெச்சிருக்கணும்."

கட்டிலில் கிடந்த மேஸ்திரி தலையைத் தூக்கினார். "வேணும்னா கொஞ்சம் வீட்டுக்கு எடுத்துக்கிட்டுப் போங்களேன்."

தலைவர் அதைப் பெருந்தன்மை என்றே எடுத்துக்கொண்டார். உடனே கண்ணாடிப் பாட்டில்கள் வந்தன. கையுறை போட்ட ஆள் ஒருவன் கரண்டியால் பக்குவமாக எடுத்து நிரப்பினான். நுரை ஒரு பாட்டில், முடி ஒரு பாட்டில், மற்றது ஒரு பாட்டில். மூடி போட்டு மெழுகு வைத்து எடுத்துப் போனார்கள். மீதியை அவளிடம் விட்டுவிட்டார்கள்.

எதிர் வீட்டுத் தையல்காரி பங்களாவுக்குள் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னாள். "உன் வீட்டுது கண்ணாடிப் பெட்டிக்குள்ள இருக்குக்கா. லைட்டுப் போட்டு வெச்சிருக்காங்க. பக்கத்துல ஃபேன் வேற ஓடுது."

"எங்க வீட்டுது இல்லடி, ஊர் வீட்டுது" என்றாள் கோன் அக்கா. சொன்னாளே தவிர அவளுக்கு வயிறு எரிந்தது. அவள் வீட்டுச் சாக்கடை பங்களாவில் ஃபேன் காற்றில் இருக்கிறது, அவளை வராந்தா பெஞ்சில்கூட உட்கார விடவில்லை.

பாட்டில்களைப் பார்க்கக் கூட்டம் வரத் தொடங்கியதும் வாரியத்துக்குத் தெம்பு வந்துவிட்டது. லைனின் தலைமாட்டில், மேட்டில் காலியாகக் கிடந்த முதல் வீட்டை மாதிரித் தொழிலாளர் வீடாக்கினார்கள். சுவரைப் பூசி, பூசிய சுவரில் அழுக்கு வரைந்தார்கள். அடுப்பு முன்னால் ஒரு பெண் பொம்மை, கட்டிலில் ஓர் ஆண் பொம்மை, பார்க்க வருகிறவர்கள் கிட்டே போகாமலிருக்கக் குறுக்கே ஒரு கயிறு. பொம்மைகளுக்குத் துணி தைக்கும் வேலை தையல்காரிக்குக் கிடைத்தது. சாவியையும் அவளிடமே கொடுத்து வைத்தார்கள். வருகிற பெரிய மனிதர்கள் அவசரத்துக்கு எங்கே போவார்கள் என்று பின்னால் வெள்ளைக் கல் பதித்த ஒரு கக்கூஸும் கட்டினார்கள். அதற்குப் புதுக் குழாய் போட்டார்கள். பழைய குழாயை மாற்றத்தான் தடை, புதிதாகப் போடத் தடையில்லை. புதுக் குழாயைக் கொண்டுபோய்ப் பழைய குழாயில் சேர்த்துவிட்டார்கள்.

அதன் பிறகு கோன் அக்கா வீட்டுக்குச் சங்கு தேவைப்படவில்லை. தலைவர் எப்போது மாதிரி வீட்டைப் பார்வையிட வந்தார், வந்தவர் எத்தனை தடவை பின்பக்கம் போனார் என்பதெல்லாம் அவள் அடுப்படியிலேயே தெரிந்தது. ஒரு மதியம் மேஸ்திரி சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கிய நேரம் பார்த்துத் தண்ணீர் பொங்கியது. கால் வழுக்கி அதிலேயே உட்கார்ந்துவிட்டார். கட்டுத்துணி நனைந்து, நிறம் மாறிப்போனது.

கோன் அக்கா அவரைத் தூக்கிக் கட்டிலில் போட்டுக் காலைக் கழுவினாள். அவர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "என்ன, முட்டி வரைக்குந்தானே? மிச்சம் நிறைய இருக்கு" என்று சிரிக்கப் பார்த்தார். அவளுக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. நேரே எதிர் வீட்டுக்குப் போய்த் தையல்காரியிடம் சாவியைக் கேட்டாள்.

தையல்காரி உடனே எடுத்துக் கொடுத்தாள். இருவருமாகப் பொம்மைகளைத் தூக்கி வந்து கோன் அக்கா வீட்டில் போட்டார்கள், மேஸ்திரியை நாற்காலியில் உட்காரவைத்துத் தூக்கிப் போய் மாதிரி வீட்டுக் கட்டிலில் படுக்கவைத்தார்கள். பொம்மைகளுக்கு அந்த வீடு ஒத்துக்கொண்டது. மூக்கு இருந்தும் நாற்றம் தெரியாதவை, வாரியத்து ஆட்களைப் போலவே. மேஸ்திரிக்கும் மேட்டு வீடு ஒத்துக்கொண்டது. தரை காய்ந்திருந்தது. டாக்டர் கொடுத்த மருந்துக்குச் சீழ் குறையத் தொடங்கியது. மாதிரி வீட்டில் வேலை முடிந்துவிட்டது, திறப்பு விழா வரை வாரியத்து ஆட்கள் எட்டிப்பார்க்க மாட்டார்கள், அதற்குள் கால் கொஞ்சம் தேறிவிடும் என்று கணக்குப் போட்டாள்.

விழாவுக்கு வர வேண்டிய பெரிய அதிகாரி முன்னதாகவே வந்துவிட்டார். வெளியூரில் அவருக்கு ஏதோ கல்யாணமாம், போகிற வழியில் திறந்துவைத்துவிட்டுப் போகலாம் என்று நினைத்தாராம். கோன் அக்கா அப்போதுதான் கட்டைப் பிரித்துப் புண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். வாசலில் கார் நிற்கும் சத்தம், காலடிகள், தலைவரின் குரல். பின்பக்கமாக ஓடலாம், அவரைத் தூக்கிக்கொண்டு ஓட முடியுமா? "அசையாதீங்க" என்று அவரிடம் சொல்லிவிட்டு அடுப்பு முன்னால் போய் உட்கார்ந்து கரண்டியைப் பிடித்துக்கொண்டாள். மேஸ்திரி கண்ணை மூடிக்கொண்டார்.

கயிற்றுக்கு அந்தப் பக்கம் எல்லாரும் வந்து நின்றார்கள். தலைவர் தொண்டையைச் செருமினார்.

"சார், இதுதான் நம்ம தொழிலாளி. வாழ்க்கையில ஒண்ணும் கேட்டதில்லை. கேட்டாலும் நாங்க குடுத்ததில்லை. அந்த எளிமையத்தான் இங்க காப்பாத்தி வெச்சிருக்கோம். இவங்களுக்காக வாரியம் எவ்வளவு செலவு பண்ணியிருக்குன்னா, அதுல பாதிய இவங்களுக்கே குடுத்திருந்தா இப்படி ஒரு நிலைமையே இருந்திருக்காது. அப்ப நாம எதைக் காட்டறது? அதனாலதான் குடுக்கலை."

பெரிய அதிகாரி அதைக் கேட்கவில்லை. கயிற்றைத் தாண்டி உள்ளே வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் குனிந்தார்.

"இந்தப் புண்ணு யார் பண்ணது?"

"நாங்கதான் சார்" என்றார் தலைவர்.

"ரொம்ப நாள் ஆயிருக்குமே?"

"வருஷக்கணக்கா பாடுபட்டோம் சார். ஒரு நாளும் விடலை."

"பிரமாதம். எத்தனையோ ஊர்ல பாத்திருக்கேன், எல்லாம் வெறும் பெயின்ட்டு. இதுல பாருங்க, ஓரம் எல்லாம் எப்படிக் கறுத்திருக்கு, நடுவுல அந்த ஈரம். ஈ கூட நிஜ ஈ மாதிரியே இருக்கு." ஈ பறந்தது. அவர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்துப் புண்ணின் நடுவில் அழுத்திப் பார்த்தார்.

"அய்யோ!" என்று அலறினார் மேஸ்திரி.

கோன் அக்கா கரண்டியோடு எழுந்துவிட்டாள். பெரிய அதிகாரி பின்னால் சாய்ந்து, கயிறு தடுக்கி, தலைவர் மேலேயே விழுந்தார். எல்லாரும் எழுந்து உடையைத் தட்டிக்கொள்ளும் வரை அவள் காத்திருந்தாள். பிறகு சொன்னாள்: "சார், கடைசி வீட்டுக்காரி நான். இது என் வீட்டுக்காரர். அங்க சாக்கடைத் தண்ணி வருது. தண்ணி பட்டா கால முட்டியோட எடுக்கணும்கறாங்க. ஆறற வரைக்கும் இங்க இருந்துக்கறோம். உங்க பொம்மைங்க பத்திரமாத்தான் இருக்கு."

போலீஸைக் கூப்பிடுவார்கள் என்றுதான் அவள் நினைத்தாள். வாரியத்தைக் குறைத்து எடைபோட்டுவிட்டாள். அவர்கள் வெளியே போய்க் கூடிப் பேசினார்கள். பேச்சு நடந்தபோது தலைவர் ஒருமுறை பின்பக்கம் போய் வந்தார். பிறகு வாழ்வியல் அலுவலர் மட்டும் உள்ளே வந்தார், முகமெல்லாம் மலர்ச்சி.

"அம்மா, நல்ல சேதி. நீங்க இங்கயே இருக்கலாம். பெரிய சார் ஒத்துக்கிட்டார். மனுஷங்களப் பாத்துக்க எங்களுக்கு நிதி கிடையாது, காட்சிப்பொருளப் பராமரிக்க நிறைய இருக்கு. அதனால உங்க ரெண்டு பேரையும் காட்சிப்பொருளாச் சேத்துக்கறோம். சோறு, துணி எல்லாம் வாரியம் தரும்."

அவள் கண்ணில் நீர் முட்டியது. கையெடுத்துக் கும்பிட்டாள். "நல்லா இருப்பீங்க சார்."

"ஒரே ஒரு நிபந்தனை. பெரிய சாருக்கு அந்தப் புண்ணு ரொம்பப் பிடிச்சுப்போச்சு. அது இப்ப எப்படி இருக்கோ அப்படியே இருக்கணும். பெரிசாகவும் கூடாது, ஆறவும் கூடாது."

"ஆறிட்டா சார்?"

"ஆறிட்டா நீங்க சாதாரண ஆளுங்கம்மா. சாதாரண ஆளுங்களுக்குக் கடைசி வீடுதான்."

எத்தனையோ நாள் ஊரார் மலத்தை அள்ளிக் கொட்டியவள் கோன் அக்கா. அப்போதெல்லாம் வராத வாந்தி இப்போது தொண்டை வரை வந்தது. அவர் மூஞ்சியில் காறித் துப்ப வேண்டும் போலிருந்தது. கீழே பார்த்தாள். தரை காய்ந்திருந்தது. எச்சிலை விழுங்கிக்கொண்டாள்.

கட்டிலிலிருந்து மேஸ்திரி குரல் கொடுத்தார். "சாருகிட்டக் கேளு, புண்ணுக்கு வார லீவு உண்டான்னு."

அன்றைக்கே தையல்காரி வந்து காலைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். பொம்மைக்குத் தைத்ததில் மிஞ்சிய சிவப்புத் துணியை எடுத்துச் சுருக்கி, உள்ளே பஞ்சு வைத்து, ஓரத்துக்குக் கறுப்பு நூல் ஓட்டினாள். சீழுக்கு மஞ்சள் நூல். மேலே கொஞ்சம் பசை தடவியதும் ஈரம் வந்துவிட்டது. அடியில் மருந்து போட்டுச் சுத்தமான கட்டு, கட்டுக்கு மேலே துணிப் புண். காலையில் கட்டி, சாயங்காலம் ஆள் போனதும் அவிழ்த்துக் கொடியில் போட்டுவிடலாம். வருகிறவர்கள் கயிற்றுக்கு அப்பால் நின்று உச்சுக்கொட்டிவிட்டுப் போனார்கள். பேனாவால் குத்தக் கூடாது என்று வாரியமே பலகை மாட்டியது.

உள்ளே நிஜப் புண் ஆறியது. தோல் மூடி, மேஸ்திரி சாயங்காலங்களில் கட்டிலைச் சுற்றி நடந்தும் பார்த்தார். கால் பிழைத்துக்கொண்டது. ஆனால் அந்தக் காலோடு தெருவில் நடக்க அவருக்கு வழியில்லை. அடுத்த தடவை பெரிய அதிகாரி வந்தபோது புண்ணைப் பார்த்து, "போன தடவையவிட இப்ப நல்லா வந்திருக்கு" என்றார். தலைவருக்கு மாலை போட்டார்கள். தலைவர் புண்ணைத் தன் சொந்தப் பிள்ளை என்றே பேசினார்.

காலியான கடைசி வீட்டில் பொம்மைகள் கழுத்து வரை முங்கிக் கிடந்தன. அங்கே நிரம்பியதும் தண்ணீர் வரிசையில் அதற்கு மேல் வீட்டில் எழும்பத் தொடங்கியது, பிறகு அதற்கும் மேல் வீட்டில். வாரியம் குழாயைத் தொடவில்லை. மேட்டில் இன்னும் சில மாதிரி வீடுகள் கட்டப்போவதாகவும், தகுதியான புண் உள்ள குடும்பங்கள் குடியேறலாம் என்றும் அறிவித்தது.

மறுநாள் சாயங்காலமே தையல்காரி வீட்டு வாசலில் ஆட்கள் வந்து நின்றார்கள். கோன் அக்கா ஒத்தாசைக்குப் போய் ஊசியில் நூல் கோத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். மில்லில் மெஷின் பழுது பார்க்கும் பிட்டராக இருந்தவர் முதுகுக்கு ஒன்று கேட்டு வாங்கிப் போனார். பழைய மில் காவலாளியின் பெண்டாட்டி மார்புக்குக் கேட்கலாமா என்று கூச்சப்பட்டு, கடைசியில் தோளோடு நிறுத்திக்கொண்டாள். அதன் பிறகு, கோன் அக்காவின் பழைய வீட்டுக்குப் பக்கத்து வீட்டு மருமகள் வந்தாள், இடுப்பில் பால்குடி மறவாத பெண் குழந்தை. அவள் வீட்டில் நேற்றிலிருந்து தொட்டிலுக்கு அடியில் தண்ணீர் நிற்கிறது.

"யாருக்கும்மா?" என்றாள் தையல்காரி.

"இதுக்குத்தான்கா."

கோன் அக்காவின் கையிலிருந்து நூல் நழுவியது. குழந்தை அவளைப் பார்த்துப் பொக்கை வாயால் சிரித்தது. தையல்காரி குழந்தையைப் பார்க்காமலே அளவு டேப்பைக் கையில் எடுத்தாள்.

"எந்த இடத்துல?"

தாய் குழந்தையின் கையைப் பார்த்தாள், காலைப் பார்த்தாள். அப்புறம் அதன் தலைமுடியை ஒதுக்கிவிட்டுச் சொன்னாள்: "மூஞ்சிலயே தைச்சுடுக்கா. அங்கதான் எல்லாரும் பாப்பாங்க."